எச்சரிக்கை விளக்கும் அமானிதமும்

வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் ஓதும்படி நமக்குக் கற்பிக்கப்பட்ட துஆ ஒன்று உண்டு. மதரஸாவுக்குச் செல்லும் சிறுபிள்ளைக்குக் கூட அது மனப்பாடம். இந்த வாகனத்தை அடக்கி ஆளும் வலிமை நமக்கு இயல்பாக அமைந்ததன்று, அதனை வசப்படுத்தித் தந்தவன் ஒருவன் இருக்கின்றான் என்னும் ஒப்புதலே அதன் உட்பொருள். ஒட்டகமும் குதிரையும் ஊர்தியாயிருந்த நாளில் அப்பொருள் எவருக்கும் எளிதில் விளங்கியிருக்கும். முரண்டு பிடிக்கும் விலங்கின் முதுகில் அமர்ந்திருப்பவனுக்குத் தன் வலிமையின் எல்லை தெரியும். நாமோ சாவியைத் திருகினால் ஓடும், மிதியை அழுத்தினால் நிற்கும் என்னும் துணிவில் பழகிவிட்டோம். வண்டியின் பெருமையை அது ஓடும் வேகத்தைக் கொண்டு பேசுகின்றோம். அதனுள் அமர்ந்திருப்போரின் உயிரோ, அது நிற்கும் திறத்தையே நம்பியிருக்கின்றது.

இந்த உண்மையை எங்கள் குடும்பம் அண்மையில் நன்கு உணர நேர்ந்தது. நம் வீடுகளிலும் இத்தகைய வண்டிகள் இப்போது பெருகி வருவதால், அறிந்ததைப் பிறருக்குச் சொல்வது கடமையெனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

நாங்கள் வாழ்வது கிருஷ்ணன்கோவிலில். மதுரைப் பக்கத்திலிருந்து கொல்லத்துக்குச் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரின் ஊடே செல்கின்றது. வத்திராயிருப்புக்குச் செல்லும் சாலை இங்கிருந்துதான் பிரிகின்றது. 1984-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் கல்வி நிறுவனம் இங்கு இருப்பதால், காலையும் மாலையும் கல்லூரிப் பேருந்துகளால் சாலை நிறைந்திருக்கும். தெற்கே சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என ஊர்கள் தொடரும். அதற்கப்பால் புளியரையில் மலைச்சாலை ஏறத் தொடங்கி, எஸ் வளைவைக் கடந்து, கோட்டைவாசல் வழியே ஆரியங்காவுக்கு இட்டுச் செல்லும். எங்கள் உறவினர் பலர் கடையநல்லூரிலும், சிலர் கொல்லத்திலும் இருக்கின்றனர். ஆகவே கல்யாணமென்றாலும் மௌத்தென்றாலும் இந்தச் சாலையே எங்களுக்குக் கதி.

அத்தேவைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஹைப்ரிட் கார். என் மைத்துனர் பெங்களூரில் 2012-இல் வாங்கி ஏழாண்டுகள் ஓட்டிய பின், 2019-இல் எங்களுக்கு மலிவாகத் தந்தார். அதனை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. வயது முதிர்ந்தால் எந்த இயந்திரமும் தளரவே செய்யும். இவ்வகை வண்டிகளுக்குப் பொதுவான செய்திகளையே கூற விழைகின்றேன்.

ஹைப்ரிட் என்பது இருவகை ஆற்றலால் ஓடும் வண்டி. பெட்ரோல் எஞ்சின் ஒன்றும், மின்மோட்டாரும் அதில் உண்டு. சாதாரணக் கார் நிற்கும்போது அதன் ஓட்ட ஆற்றல் முழுவதும் பிரேக்கில் உராய்ந்து வெப்பமாகி வீணாகின்றது. ஹைப்ரிட் கார் அவ்வாற்றலில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கின்றது. மிதியை மெல்ல அழுத்தினால் மின்மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் சக்கரத்தின் ஓட்டத்தைத் தளர்த்தி, அதிலிருந்து பெற்ற மின்சாரத்தைப் பெரிய பேட்டரியில் சேமிக்கின்றது. வேகம் மிகவும் குறைந்த நிலையிலும், திடீரென்று நிறுத்த வேண்டிய நிலையிலுமே பிரேக் பேடுகளுக்கு முழு வேலை. சிக்கனத்தை விரும்பும் இல்லத்தரசி வடித்த கஞ்சியையும் வீணாக்காததைப் போன்றது இவ்வமைப்பு.

மின்மோட்டார் எவ்வளவு, உராய்வு எவ்வளவு என்று நொடிக்கு நொடி பங்கிடும் பணி ஒரு கணினியிடம் விடப்பட்டுள்ளது. ஓட்டுபவர் மிதியை எவ்வளவு அழுத்தினார் என்பதை உணரிகள் அளந்து கணினிக்குச் சொல்கின்றன. மின்சாரப் பம்ப் ஒன்று பிரேக் ஆயிலை மிகுந்த அழுத்தத்துடன் ஒரு கலனில் சேர்த்து வைக்கின்றது. நைட்ரஜன் வாயுவை எதிர்த்து ஆயிலை அடைத்து வைத்திருக்கும் இந்த அழுத்தக் கலனைப் பிரேக்கின் சேமிப்புப் பெட்டகம் எனலாம். கணினி கட்டளையிட்டதும் சிறு வால்வுகள் திறந்து, அந்த அழுத்தம் சக்கரங்களுக்குச் சென்று சேர்கின்றது. இவ்வமைப்பு முழுதும் செயலிழக்க நேர்ந்தால், ஓட்டுபவரின் கால்வலிமையை மாஸ்டர் சிலிண்டர் வழியே நேரே சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் மாற்றுவழியும் வகுக்கப்பட்டிருக்கின்றது. அப்போது வண்டி நிற்கும். ஆனால் வழக்கத்தினும் பன்மடங்கு பலம் கொண்டு அழுத்த வேண்டியிருக்கும், நிற்கும் தொலைவும் நீளும்.

இவ்வளவு நுட்பமான அமைப்பில் பிழை நேர்வது புதிதன்று. 1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைப்ரிட் கார் அதுவே. இந்தியாவில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வந்தது. 2010-இல் பிரியஸும் வந்தது. அதே 2010 பிப்ரவரியில், மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் ஒரு கணம் பிரேக் பிடி தளர்கின்றது என்னும் புகாரின் பேரில், உலகெங்கும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்துக் கணினி நிரலைத் திருத்தித் தந்தது. மீண்டும் 2013-இல், அழுத்தக் கலனில் விரிசல் கண்டு நைட்ரஜன் கசியக்கூடும் என்பதற்காக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. குறையை உலகறியச் சொல்லித் திருத்தியது இங்கு நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி. அதன் தேவை பின்னர் வரும்.

இனி எங்கள் வண்டிக்கு வந்த நோயைச் சொல்கின்றேன். 2024-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மாலையில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வெளிவரும் நேரம். வத்திராயிருப்புச் சாலை பிரியும் இடத்தை நெருங்கும்போது, வண்டியின் முகப்பில் சிவப்பும் மஞ்சளுமாக நான்கு விளக்குகள் ஒருசேர எரிந்தன. நீண்ட ஊதலொலி ஒன்று ஓயாமல் கேட்டது. மிதி கல்லைப் போல் இறுகிவிட்டது. இருகாலும் ஊன்றியதைப் போன்று முழுப் பலத்தையும் கொண்டு அழுத்தினேன். முன்னே நின்ற பேருந்துக்கு ஐந்தாறு முழம் இருக்கையில் வண்டி நின்றது. பின்னிருக்கையில் என் அம்மாவும் இரு பேரப்பிள்ளைகளும் இருந்தனர். வல்ல இறைவன் காத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் வண்டியை ரிக்கவரி வேனில் ஏற்றிப் பெருநகர் ஒன்றிலுள்ள சேவை நிலையத்துக்கு அனுப்பினோம். ஹைப்ரிட் காரை ஓட்டுசக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுத்துச் செல்லலாகாது. உருளும் சக்கரம் மின்மோட்டாரையும் சுழற்றி மின்சாரத்தை எழுப்பும். அதனால் கேடு விளையும். நான்கு சக்கரமும் மேலே ஏறத்தான் வேண்டும். அந்நிலையத்தார் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பிரேக்கின் பம்ப் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அவர்கள் எழுதித் தந்த தொகை, வண்டியை அன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் பாதியை நெருங்கியது. எதனால் அம்முடிவுக்கு வந்தனர் என்று கேட்டதற்கு விளக்கம் ஏதும் கிடைக்கவில்லை. வண்டி வந்த வேனிலேயே ஊர் திரும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருக்கின்றார். துபாயில் டாக்சியாக ஓடும் ஹைப்ரிட் கார்களைப் பல ஆண்டுகள் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து நோய் கண்ட முறை, தேர்ந்த ஹகீம் ஒருவர் நாடி பிடித்துப் பார்ப்பதை எனக்கு நினைவூட்டிற்று. எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். விளக்குகள் எந்த வரிசையில் எரிந்தன? மிதி இறுகியதா, தொய்ந்ததா? அதற்கு முந்திய வாரங்களில் புதிதாக ஓசை ஏதும் கேட்டதா?

பிறகு எளியதிலிருந்து அரியதை நோக்கிச் சென்றார். சிவப்பு விளக்கு மட்டும் தனித்து எரிந்தால் கைப்பிரேக் முழுதும் விடுபடாமல் இருக்கலாம். அல்லது பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். இரண்டையும் பார்த்தார். ஆயிலின் அளவு சரியாகவே இருந்தது. நிறம் மட்டும் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையைச் சேர்ந்த புதிய ஆயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடலாம். மலைச்சாலையில் நெடுந்தூரம் இறங்கும்போது பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்தால், குழாயில் ஆவி நிறைந்து மிதி வெறுமனே உள்ளே போகும். புளியரை இறக்கத்தில் அத்தகைய நிலை நேர்ந்தால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்துச் சக்கரங்களைப் பார்த்தார். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரியில் சேறு படிந்தாலும், அதன் வயரை எலி கடித்தாலும் மஞ்சள் விளக்குகள் எரியும். வயல் சூழ்ந்த நம் ஊர்களில் எலி கடித்த வயர் அரிய செய்தியன்று. எங்கள் வண்டியில் அவை நன்றாகவே இருந்தன. பேடுகளும் பாதி கூடத் தேயவில்லை. மின்மோட்டார் பெரும்பங்கு வேலையைச் செய்வதால் ஹைப்ரிட் காரின் பேடுகள் நெடுநாள் உழைக்கும். அதனாலேயே அவற்றை எவரும் கழற்றிப் பார்ப்பதில்லை. உழைக்காத உறுப்பு துருவேறி இறுகிப்போவதும் உண்டு என்று சொல்லி, எண்ணெயிட வேண்டிய இடங்களைத் துடைத்து எண்ணெயிட்டார்.

அதன் பிறகே 12 வோல்ட் பேட்டரிக்கு வந்தார். ஹைப்ரிட் காரில் பேட்டரிகள் இரண்டு. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி இருநூறு வோல்ட் அளவிலும் அதற்கு மேலும் மின்னழுத்தம் கொண்டது. அதிலிருந்து செல்லும் வயர்கள் ஆரஞ்சு நிற உறையிட்டவை. பயிற்சியற்றவர் அவற்றைத் தொடவே கூடாது. கணினிகளுக்கும் விளக்குகளுக்கும் உரியது சிறிய 12 வோல்ட் பேட்டரி. சாதாரணக் காரில் இது தளர்ந்தால் ஸ்டார்ட்டர் முனகித் தன் நோயைத் தானே சொல்லிவிடும். இவ்வகைக் காரில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியாதலால், சிறியது சாகும் வரை ஓசையின்றியே இருக்கும். மின்னழுத்தம் தாழும்போது கணினிகள் தடுமாறி, இல்லாத நோய்களையெல்லாம் அறிவிக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 11.4 காட்டியது. புதிய பேட்டரி வைத்தார். வண்டியை இயக்கியதும் முகப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை!

வீட்டார் அனைவருக்கும் பெருமகிழ்ச்சி. சில ஆயிரம் ரூபாயில் தொல்லை தீர்ந்தது என்று பிள்ளைகள் கைதட்டினர். பட்டறைத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"விளக்கு அணைஞ்சிருச்சு பாய். ஆனா, கொஞ்சம் பேசாம இருந்து, முன்பக்கம் என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க" என்றார்.

எஞ்சின் ஓடவில்லை. மிதியில் எவர் காலும் இல்லை. அந்த அமைதியில் வண்டியின் முன்புறத்திலிருந்து 'விர்ர்' என்னும் மெல்லிய ஓசை எழுந்து அடங்கிற்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து விநாடி கழித்து மீண்டும் அதே ஓசை. மீண்டும் இருபத்தைந்து விநாடி. அது பிரேக் பம்ப்பின் ஓசை. மிதியைச் சிலமுறை அழுத்தினால் அழுத்தம் செலவாகும், அதனை ஈடுசெய்யப் பம்ப் ஓடுவது இயல்பு. செலவே இல்லாதபோதும் அது ஓயாமல் ஓடுமாயின், சேமித்த அழுத்தம் உள்ளுக்குள் எங்கோ கசிகின்றது என்பதே பொருள். வெளியே ஒரு சொட்டு ஆயிலும் சிந்தாது. தரையில் கறை இராது. ஓட்டைப் பானையில் நீர் இறைப்பவனைப் போல் பம்ப் உழைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதுவும் ஓய்ந்துவிடும்.

பின்னர் ஸ்கேனரைப் பொருத்திக் கணினியின் நினைவிலிருந்த குறிகளைப் படித்தார். எஞ்சினைச் சேர்ந்த குறிகள் பி என்னும் எழுத்திலும், பிரேக் முதலியவற்றைச் சேர்ந்தவை சி என்னும் எழுத்திலும் தொடங்கும். மலிவான ஸ்கேனர்களில் பல எஞ்சின் குறிகளை மட்டுமே படித்துவிட்டு, 'பழுதேதும் இல்லை' என்று சொல்லிவிடும். அவரிடமிருந்தது பிரேக் கணினியையும் படிக்கக் கூடியது. கலனின் அழுத்தம் இயல்புக்கு மாறாகக் கசிகின்றது என்பதற்கான குறி அதில் பதிந்திருந்தது. ஆக, சேவை நிலையத்தார் சொன்ன முடிவு சரியே. காரணம் கூறாமல் சொன்னதால் எங்கள் மனம் அதனை ஏற்கவில்லை; காரணத்தைக் காதாலேயே கேட்ட பிறகு மறுக்க வழியில்லை. தளர்ந்த பேட்டரி உண்மையான பழுதுதான். ஆனால் அதுவே முழுப் பழுது அன்று. ஒரு சிறு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்ளாமை பழுதுபார்ப்பவருக்கு இருக்க வேண்டிய பெருங்குணம் என்று அன்று அறிந்தேன்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பகுதியில் உதிரிபாக வணிகம் செய்யும் உறவினர் ஒருவரிடமும் தொலைபேசியில் கலந்தேன். ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட ஹைப்ரிட் கார்கள் இலங்கையில் ஏராளம். 2020 மார்ச்சில் அங்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025-இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதே அவர்களுக்கு வழியாயிருந்தது. பழைய காரிலிருந்து எடுத்த பம்ப் தொகுதி பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அவர் சொன்னார். "ஆனால் அதுவும் இதே வயதுப் பொருள்தானே? அதன் உள்ளே எத்தனை தேய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். விற்கும் வணிகரே இப்படிச் சொன்னது அவருடைய நேர்மை.

இந்த நிலையில்தான் கார்த் தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். வத்திராயிருப்புப் பக்கத்து இளைஞர் ஒருவர் இத்தகைய வண்டியைத் தேடுகின்றாராம். புதிதாக மணமானவர். கேரளத்துக்கு அடிக்கடி சென்றுவர வேண்டிய தொழில். நல்ல விலை தருவார். பிரேக் பழுதைக் கேள்விப்பட்டதும் தரகர் சற்றும் தயங்கவில்லை. விளக்குதான் எரியவில்லையே! ஸ்கேனரில் பழைய குறியையும் அழித்துவிட்டால் கணினியிலும் சுவடு இராது. மீண்டும் பதிய நாளாகும். அதற்குள் கைமாற்றிவிடலாம். பழைய வண்டி வாங்குபவன் பார்த்துத்தானே வாங்குகின்றான், பிறகு நமக்கென்ன பொறுப்பு? இவ்வாறு அவர் பேசினார்.

வீட்டில் அதுபற்றிப் பேச்சு எழாமலில்லை. மேல்மாடிக்குக் கூரை போடச் சேர்த்து வைத்திருந்த பணம்தான் எங்களிடம் இருந்தது. அது முழுவதும் ஒரு பம்ப்புக்குப் போவதா என்னும் ஏக்கம் எவருக்கும் எழக்கூடியதே. என் இளவல், "நாம பொய் சொல்லப் போறதில்லையே அண்ணே, கேட்டாச் சொல்லலாம். கேக்கலைன்னா?" என்றான்.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாமெல்லாம் சிறுவயது முதலே கேட்டிருக்கின்றோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்று வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸ் இது. அந்த வணிகர் வாய்திறந்து பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உலர்ந்ததை மேலே இருக்க விட்டார், அவ்வளவே. அழிக்கப்பட்ட குறியும் அணைந்த விளக்கும் உலர்ந்த மேற்பரப்பன்றி வேறென்ன? தானியத்தின் ஈரத்தால் வாங்குபவருக்குப் பொருள் நட்டம். பிரேக்கின் கசிவால் வாங்குபவருக்கு நட்டமாவது எது?

மறைந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணிவணிகர். குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் தம் கூட்டாளி விற்றுவிட்டார் என்றறிந்ததும், வந்த தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறும். தறியும் துணியுமாக வாழ்ந்த கடையநல்லூரில் வேரூன்றிய எங்கள் குடும்பத்தில் இந்தச் செய்தியை அத்தா பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றோம். துணியில் ஓர் இழை அறுந்ததற்கே அந்தப் பேணுதல் என்றால், பிரேக்குக்கு எவ்வளவு வேண்டும்!

எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்கள். "நம்ம வீட்டுக் கஷ்டத்தை இன்னொருத்தர் வீட்டு வாசல்ல இறக்கி வைக்கக் கூடாதுப்பா."

அந்த இளைஞர் வந்தார். பட்டறைத் தம்பி எழுதித் தந்த தாளை அவர் கையில் கொடுத்தேன். வண்டியை இயக்கி, பேசாமல் நின்று, அந்த ஓசையையும் கேட்கச் செய்தேன். பழுதுக்கு ஆகும் தொகையைக் கழித்துக்கொண்டு வாங்குவதானால் வாங்கலாம், ஆனால் பம்ப்பை மாற்றும் வரை சாலையில் ஓட்டலாகாது, ரிக்கவரி வேனில்தான் கொண்டு செல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிச் சென்றார். திரும்பி வரவில்லை. தரகரும் அதன் பின் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை.

புதிய தொகுதிக்குப் பணம் கட்டினோம். அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பழுதைக் கண்டறிவதைக் காட்டிலும் அரிது, கண்டறிந்த பழுதுக்கு மதிப்பளித்து நடப்பது. விளக்கோ எரியவில்லை, வண்டியோ ஓடுகின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சமவெளிதானே, மெதுவாகப் போய்வரலாமே என்னும் எண்ணம் நாளும் ஒருவருக்கு எழும். ஓரிரவு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். மணி பதினொன்றரை. இளவல் கார்ச்சாவியை எடுத்துவிட்டான். அந்நேரத்தில் சாவியை அவன் கையிலிருந்து வாங்கி வைப்பது எளிதாயிருக்கவில்லை. தாயின் மூச்சு ஒருபுறம். நிற்குமோ நிற்காதோ என்னும் வண்டி மறுபுறம். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கூப்பிட்ட குரலுக்குச் சட்டையும் மாட்டாமல் ஓடி வந்தார். அவருடைய ஆட்டோவில்தான் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். விடிவதற்குள் இறையருளால் சீரானது. அந்த அண்டை வீட்டாருக்காக அம்மா இன்றும் துஆச் செய்கின்றார்கள்.

வந்த தொகுதியைப் பொருத்தியதும், ஸ்கேனரின் துணைகொண்டு குழாய்களிலிருந்த காற்றை முறைப்படி வெளியேற்றிப் புதிய ஆயில் ஊற்றினார் பட்டறைத் தம்பி. சாதாரணக் காரைப் போல் மிதியை மிதித்து மட்டும் இவ்வண்டியின் காற்றை முழுதும் எடுக்க இயலாது. பிறகு பேசாமல் நின்று காது கொடுத்தோம். மிதியை அழுத்தினால் பம்ப் ஓடிற்று, விட்டால் ஓய்ந்தது. பத்து நிமிடமாயினும் மௌனம். மேல்மாடிக்கு இன்னும் கூரை இல்லை. வெயிற்காலத்தில் கீழறையில்தான் எல்லோரும் உறங்குகின்றோம்.

இத்தகைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். முகப்பில் விளக்கு எரிந்தால் அதனைப் படமெடுத்து வையுங்கள். எது எரிந்தது என்பது பழுதுபார்ப்பவருக்குப் பெரிதும் உதவும். மஞ்சள் விளக்கு தனித்து எரிந்தால் விரைந்து பட்டறைக்குச் செல்லுங்கள். சிவப்பு விளக்கும் ஊதலும் சேர்ந்து வந்தால், பத்திரமான இடத்தில் நிறுத்தி இறங்கிவிடுங்கள். ஓடும்போது மிதி இறுகினால் விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக முழுப் பலத்தோடு அழுத்துங்கள். விட்டுவிட்டு மிதித்தால் எஞ்சிய அழுத்தமும் செலவாகிவிடும். 12 வோல்ட் பேட்டரியை ஆண்டுக்கொருமுறை அளந்து பாருங்கள். பிரேக் ஆயிலை நிறுவனம் குறித்த காலத்தில் மாற்றுங்கள். மலையிறக்கத்தில் பெரிய பேட்டரி நிறைந்துவிட்டால் மின்மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறையும். ஆகவே கியர்த் தண்டில் பி என்று குறித்த நிலையிருப்பின் அதில் வைத்து, எஞ்சினின் தடையையும் துணைகொண்டு இறங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறையேனும் வானொலியை நிறுத்திவிட்டு வண்டியின் ஓசையைக் கேளுங்கள். விற்க நேர்ந்தால் பழுதை எழுதிக் கொடுத்து விற்றுவிடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி நமக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கின்றது. இக்காலத்து ஒட்டகத்துக்குக் கயிறு இந்தப் பிரேக்தான். நாம் ஏற்றிச் செல்லும் உயிர்களும், எதிரே வரும் உயிர்களும், நாளை நம் வண்டியை வாங்கி ஓட்டப்போகும் முகமறியாதவரின் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.